பூதக்கண்ணாடியில் அகப்பட்ட விமானம்

1940-ம் வருஷம். இங்கிலாந்தின் ஆகாயத்தில் ஜெர்மானிய விமானங்களும் ஆங்கில விமானங்களும் மும்முரமாகப் போர் புரிந்துகொண்டிருந்த சமயம். சண்டை முடிந்து தளத்துக்குத் திரும்பிய ஆங்கில விமானிகள் சிலர், ஹைன்கல் 113 என்னும் புது மாதிரி விமானத்தைத் தாங்கள் கண்டதாகச் சொன்னார்கள். அதனுடன் சண்டையிட்டதாகவும், அதைச் சுட்டு வீழ்த்தியதாகவும் எழுத்து மூலம் அறிக்கை கொடுத்தவர்களும் உண்டு. அந்த விமானத்தின் படம் பத்திரிகைகளில் வந்திருந்தது. பகைவரின் விமானங்களை இனங்கண்டு கொள்வதற்கென்று அச்சிட்ட கைப்புத்தகங்களிலும் அது இடம் பெற்றிருந்தது. எல்லாம் சரிதான். ஒரே ஒரு குறை: ஹைன்கல் 113 என்று ஒரு போர் விமானம் உலகத்தில் இருந்ததே இல்லை!

நடந்தது இதுதான். ஹைன்கல் கம்பெனியார் ஹைன்கல் 100 என்ற அதிவேக விமானத்தைச் செய்திருந்தார்கள். அதன் மாதிரி ஒன்று 1939-ல் மணிக்கு 746 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலகத்தையே வியக்க வைத்தது. ஆனால் ஜெர்மன் சர்க்கார் தங்கள் படைக்கு மெஸர்ஷ்மிட் 109 விமானத்தையே தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள். ஹைன்கல் 100 தொழிற்சாலை வாசலிலேயே தங்கிவிட்டது. கடைசியாகச் செய்த 12 விமானங்களைக் கொண்டு ஜெர்மன் பிரசார இலாகா ஒரு நாடகம் ஆடிற்று. அவற்றின் மீது பொய்யான படைச் சின்னங்களைத் தீட்டிப் படம் பிடித்தார்கள். சின்னங்களை அழித்து வேறு சின்னங்களைத் தீட்டி மறுபடியும் படம் பிடித்தார்கள். ஹைன்கல் 113 என்று புதுப் பெயரும் சூட்டி உலகமெங்கும் பரப்பினார்கள்.

நம்முடைய பழைய நாடகக் கம்பெனிகளில் இந்த வித்தையை நாம் பார்த்திருக்கிறோம். நாலே நாலு சிப்பாய்கள் ஒரு பக்கமாக வெளியேறித் திரைக்குப் பின்னால் சுற்றி வந்து மறுபக்கமாக மீண்டும் நுழைவார்கள். கொட்டகையில் இருப்பவர்களுக்கு ராஜாவின் சேனை முடிவின்றிப் போய்க்கொண்டே இருப்பதாகத் தோன்றும். ஆங்கில விமானிகள் வேண்டுமென்று பொய் சொன்னவர்கள் அல்லர். அவர்கள் கண்டது மெஸர்ஷ்மிட் 109 விமானத்தை. ஆனால் மனத்தில் ஏற்கெனவே ஒரு படமும் ஒரு பெயரும் பதிந்திருந்தன. உயிருக்குப் போராடும் ஒரு சில விநாடிகளில் கண் பார்ப்பதற்கு முன்பே மனம் பெயர் சூட்டிவிட்டது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர்கள் சொன்னது வீண் வார்த்தை அல்ல.

அபூர்வமான விமானம் ஒன்றைப் புகைப்படத்திலிருந்து இனங்காண்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். இது வெறும் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் எண்ணலாம். இந்த வித்தையைப் பொறுத்து ஒரு மாநகரத்தின் கதியே இருந்த காலமும் உண்டு.

எதைப் பார்ப்பது?

மரத்தை இலையையும் பட்டையையும் கொண்டு அறிகிறோம். விமானத்துக்கும் அப்படி அங்க அடையாளங்கள் உண்டு. இறக்கை ஒரு தட்டா, இரண்டு தட்டா? அது உடலின் மேலே பொருந்தியிருக்கிறதா, நடுவிலா, கீழேயா? நுனி வரை ஒரே அகலமா, போகப் போகக் குறுகுகிறதா? எஞ்சின்கள் எத்தனை, எங்கே இருக்கின்றன? வால் எந்த வடிவம்? சக்கரங்கள் வெளியே தொங்குகின்றனவா, உள்ளே மடங்குகின்றனவா? இத்தனையும் பார்த்த பிறகுதான் உடலில் எழுதியுள்ள எழுத்துக்களைப் பார்க்க வேண்டும். எழுத்துக்களை யார் வேண்டுமானாலும் அழித்து எழுதலாம் என்பதை ஹைன்கல் கதை நமக்குக் கற்பித்து விட்டதல்லவா?

நம் தேசத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். இந்தியர் நடத்திய விமானப் போக்குவரத்தின் பிள்ளையார் சுழி அதுதான். டாடா ஓட்டி வந்தது 'பஸ் மோத்' என்ற சிறு விமானம். ஐம்பது வருஷம் கழித்து, 1982-ல், தமது 78-வது வயதில் அவர் அதே பிரயாணத்தை மீண்டும் செய்து காட்டினார். அப்போது அவர் ஓட்டியது 'லெபர்ட் மோத்'. இரண்டும் டி ஹாவிலாண்ட் கம்பெனியின் குழந்தைகள். இரண்டுக்கும் ஒற்றை எஞ்சின், மேலே ஒற்றை இறக்கை, மூடிய அறை. சகோதரிகளைப் போலவே இருக்கும். ஆனால் பஸ் மோத்தின் இறக்கை ஏறக்குறைய ஒரே அகலமாக நீண்டு செல்லும். லெபர்ட் மோத்தின் இறக்கையோ நுனியை நோக்கிக் குறுகும். பிந்தியதில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இந்த வித்தியாசங்களை அறிந்தவருக்கு எந்தப் படம் 1932-ஐச் சேர்ந்தது, எது 1982-ஐச் சேர்ந்தது என்பதில் சந்தேகமே வராது.

டாடாவின் பஸ் மோத்தில் 'வி.டி. - ஏ.டி.என்.' என்ற எழுத்துக்கள் இருந்தன. இந்திய விமானங்கள் எல்லாவற்றிலும் முதலில் வரும் 'வி.டி.' என்பது 'வைஸ்ராயின் பிரதேசம்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் என்று ஒரு கதை வெகுகாலமாக உலவி வருகிறது. கேட்பதற்கு நமக்கு ரோஷமாகத்தான் இருக்கிறது. உண்மை அவ்வளவு சுவாரஸ்யமானதல்ல. சர்வதேச உடன்பாட்டின்படி ரேடியோ அடையாள எழுத்துக்களைத் தேசங்களுக்குப் பங்கிட்டபோது இந்தியாவுக்குக் கிடைத்த வரிசை அந்த இரண்டு எழுத்துக்களில் தொடங்குகிறது. படத்தைப் போலவே எழுத்தையும் விசாரித்துத்தான் நம்ப வேண்டும்.

முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து

இதுவரை சொன்னது தரையில் நின்று பக்கத்திலிருந்து எடுத்த படங்களைப் பற்றி. விமானத்தைப் பகைவன் ஒளித்து வைத்திருக்கிறான். நாமோ ஐந்தாறு மைல் உயரத்தில் பறந்துகொண்டே படம் எடுக்கிறோம் என்றால் என்ன செய்வது?

1939-ல் யுத்தம் மூண்டபோது நம் தலைவர்களை ஒரு வார்த்தை கேளாமலே வைஸ்ராய் இந்தியாவையும் அதில் சேர்த்துவிட்டார். அதைப் பற்றி நம்மவர் கொண்ட மனவருத்தம் நியாயமானது. ஆனால் அந்த யுத்தத்தில் வளர்ந்த வித்தைகளில் கற்றுக் கொள்ளத் தக்கவையும் சில உண்டு. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் படிக்கும் வித்தை அவற்றில் ஒன்று. ஸ்பிட்பயர் விமானத்திலிருந்து துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, அந்தப் பாரத்துக்குப் பதிலாகக் காமிராவையும் அதிகப்படிப் பெட்ரோலையும் ஏற்றினார்கள். தனி ஒருவராக, கையில் ஆயுதமின்றி, வேகத்தையும் உயரத்தையும் மட்டுமே நம்பி விமானி ஜெர்மனியின் மேல் பறந்து படம் எடுத்து வருவார். பின்னர் மஸ்கிட்டோ என்ற இரட்டை எஞ்சின் விமானமும் இந்த வேலைக்கு வந்தது.

படங்கள் போய்ச் சேர்ந்த இடம் தேம்ஸ் நதிக்கரையில் மெட்மன்ஹாம் என்ற ஊருக்கு அருகே உள்ள டேன்ஸ்பீல்ட் மாளிகை. 1941 ஏப்ரல் முதல் அங்கே ஆண்களும் பெண்களுமாக இரவும் பகலும் படங்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் பலர் இருந்தது ஆச்சரியமல்ல. மண்மேட்டின் நிழலைக் கண்டு கீழே புதைந்த கோட்டையைச் சொல்லக் கூடியவர்கள் அல்லவா அவர்கள்? கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் முதல் பெண் பேராசிரியரான டாரதி காராட் அங்கே பணி புரிந்தார். கிளின் டேனியல் என்ற ஆராய்ச்சியாளர் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து, இங்கே இதே வேலையை நடத்தினார். அவ்விதமே யுத்த காலத்தில் இந்தியாவில் படங்களை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிகாட், நம் தேசத்தின் ஆதிகாலச் சரித்திரத்தைப் பற்றி 1950-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

அவர்களுடைய சாதனங்கள் மிகவும் எளியவை. முதலாவது ஸ்டீரியாஸ்கோப்: நாலு கால் வைத்த மூக்குக் கண்ணாடி என்று சொல்லலாம். விமானம் பறந்துகொண்டே அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒரே இடம் சற்று மாறிய கோணத்தில் விழுந்திருக்கும். ஒரு படத்தை வலது கண்ணும் மற்றொன்றை இடது கண்ணும் பார்க்கும்படி வைத்தால், தட்டையாய்க் கிடந்த வீடுகளும் மரங்களும் திடீரென்று எழுந்து நிற்கும். இரண்டாவது பூதக்கண்ணாடி. மூன்றாவது அளவுகோல்.

அளவுகோலின் கணக்கை நம் வீட்டுப் பிள்ளைகளே போட்டுவிடலாம். காமிராவின் லென்ஸ் 36 அங்குல நீளக் குவியம் உடையது, அதாவது 3 அடி. விமானம் பறந்த உயரம் 30,000 அடி. முப்பதாயிரத்தை மூன்றால் வகுத்தால் பத்தாயிரம். ஆகவே தரையில் உள்ள பொருள் படத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகத் தெரியும். 30 அடி இறக்கையுள்ள விமானம் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 20 அடி இறக்கையுள்ளது 0.6 மில்லிமீட்டர். ஒரு கடுகை வைத்தால் விமானமே மறைந்துவிடும்!

நிழலும் ஒரு பெரிய உதவி. மேலிருந்து பார்த்தால் உயரம் தெரியாது. நிழலின் நீளத்தைக் கொண்டு அதைக் கணக்கிடலாம். ஆனால் படத்தை வைக்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. நிழல் நம்மை நோக்கி விழும்படி வைத்துக் கொள்ள வேண்டும். தலைகீழாக வைத்தால் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும்.

குமாரி பாபிங்டன் ஸ்மித்

மெட்மன்ஹாமில் விமானங்களை ஆராயும் பகுதிக்குத் தலைமை வகித்தவர் 1912-ல் பிறந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்னும் மாது. யுத்தத்துக்கு முன்னால் அவர் தொப்பி தயாரிக்கும் ஒரு கடையில் வேலை பார்த்திருக்கிறார். பிறகு விமானப் பத்திரிகை ஒன்றில் கட்டுரைகள் எழுதினார். அவருடைய பகுதியில் இருந்தவர்கள் ஜெர்மானியரின் விமானத் தளங்களையும் தொழிற்சாலைகளையும் படம் வரும் போதெல்லாம் பார்த்து, எந்த இடத்தில் எந்த மாதிரி எத்தனை நிற்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் இதே வேலை. கேட்பதற்குச் சலிப்பாக இருக்கிறதல்லவா? அந்தச் சலிப்பான வேலைதான் அவர்களுடைய பலம். தினந்தோறும் காண்பதை நன்றாய் அறிந்தவருக்கே புதிதாக வந்தது கண்ணில் உறுத்தும். நூறு பசுக்களைத் தினமும் மேய்ப்பவன், மந்தையில் அன்னிய மாடு ஒன்று புகுந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

1943-ம் வருஷம் பால்டிக் கடலோரத்தில் யூசடோம் தீவிலுள்ள பீனமுண்டே என்ற இடத்தின் மீது ஆங்கிலேயரின் கவனம் விழுந்தது. ஜெர்மானியர் அங்கே ஏதோ ரகசிய ஆயுதம் தயாரிப்பதாகத் தகவல் கிடைத்திருந்தது. அவ்வருஷம் ஜூன் 23-ந் தேதி எடுத்த படங்கள் மிகத் தெளிவாக அமைந்தன. படுக்க வைத்திருந்த பெரிய ராக்கெட்டுகள் அவற்றில் தெரிந்தன. விமானத் தளத்தில் நாலு சிறிய விமானங்களும் தெரிந்தன. அவற்றுக்கு வால் சிறகே இல்லை. அதுவரை அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை.

பாபிங்டன் ஸ்மித் என்ன செய்தார்? அவசரப்பட்டு ஒரு பெயரையும் சூட்டவில்லை. இறக்கையை அளந்தார், ஏறக்குறைய 30 அடி. கண்ட இடம் பீனமுண்டே. ஆகவே 'பீனமுண்டே 30' என்று குறித்தார். தமக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டே விஷயங்களைக் கொண்டு ஏற்பட்ட பெயர் அது. பின்னால் தெரிய வந்தது: அது மெஸர்ஷ்மிட் 163 என்னும் ராக்கெட் விமானம். அதன் இறக்கையின் உண்மையான நீளம் 30 அடி 7 அங்குலம். ஐந்தாறு மைல் உயரத்திலிருந்து எடுத்த படத்தில், ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் புள்ளியை அளந்து சொன்ன கணக்கு இது!

அந்த ஆகஸ்டு 17-ந் தேதி இரவு 596 ஆங்கில விமானங்கள் பீனமுண்டேயைத் தாக்கப் புறப்பட்டன. 40 விமானங்கள் திரும்பவில்லை. இங்கே ஒரு துக்ககரமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். குண்டு போட வேண்டிய இடத்தைக் காட்டும் முதல் விளக்குகளில் சில, இருட்டில் இடம் மாறி, தெற்கே டிராஸன்ஹைடு என்ற இடத்தில் விழுந்தன. அங்கே இருந்தது ஜெர்மானியர் பலவந்தமாய்க் கொண்டு வந்து வேலை வாங்கிய அன்னிய நாட்டுத் தொழிலாளர்களின் முகாம். 500 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் போலந்து தேசத்தவர். அடிமைப்படுத்தினவன் கையிலும் துன்பம், விடுவிக்க வந்தவன் கையிலும் மரணம். ஓர் இடத்தை மற்றோர் இடமாக எண்ணிவிடுவதன் விலை என்ன என்பதற்கு இதைக் காட்டிலும் கொடிய உதாரணம் வேண்டியதில்லை.

பெயரில்லாத பொருள்

அதே வருஷம் நவம்பரில் பாபிங்டன் ஸ்மித்துக்குப் புதிய உத்தரவு வந்தது: ஆளில்லாமல் பறக்கக் கூடிய மிகச் சிறிய விமானம் ஏதேனும் பீனமுண்டேயில் தென்படுகிறதா? அவர் பழைய படங்களை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். கோடையில் எடுத்த படங்களிலேயே அது இருந்தது! ஒரு கட்டடத்தின் ஓரமாக, சிலுவை வடிவில், வெண்மையான ஒரு சிறு குறி. இறக்கை சுமார் 20 அடி. 'பீனமுண்டே 20' என்று எழுதி வைத்தார். இத்தனை மாதமும் அது அவர்களுடைய மேஜை அலமாரியில்தான் இருந்திருக்கிறது. தேடச் சொன்னவர் இல்லாததால் கண்டவரும் இல்லை.

ஆனால் அது எதிலிருந்து கிளம்புகிறது? அதற்கிடையில் வட பிரான்சில் காட்டோரங்களில் வினோதமான கட்டடங்கள் எழும்பிக் கொண்டிருந்தன. பனியில் சறுக்கும் கட்டையைப் போல் ஒரு முனை வளைந்த நீண்ட கட்டடங்கள் அவை. மிஷேல் ஹோலார் என்னும் பிரெஞ்சு தேசபக்தர் உயிரைத் திரணமாக மதித்து அவற்றைப் பற்றிய தகவலைத் திரட்டி அனுப்பினார். படம் எடுத்துப் பார்த்ததில் அத்தகைய இடங்கள் 90-க்கு மேல் தெரிய வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வு மேடைக்கு இடம் விட்டிருந்தது. பல மேடைகள் லண்டனை நோக்கியே அமைந்திருந்தன.

டிசம்பர் 1-ந் தேதி பாபிங்டன் ஸ்மித் பீனமுண்டே படத்தில் விமானத் தளத்தின் எல்லையைத் தாண்டிக் கடற்கரை வரை கண்ணைச் செலுத்தினார். அங்கே கடலை நோக்கிச் சாய்ந்த மேடை ஒன்று தெரிந்தது. முன்பு அதைப் பார்த்தவர்கள் அது கடலில் மண் வாரும் வேலையைச் சேர்ந்தது என்று எண்ணி விட்டுவிட்டார்கள். அவர் அதில் திருப்தியடையாமல் மேலதிகாரியான டக்ளஸ் கெண்டாலிடம் படத்தைக் கொண்டு போனார். இருவரும் பிரான்சிலுள்ள மேடைகளை நினைத்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 28-ந் தேதி, மெரிபீல்ட் என்ற விமானி பெர்லினைப் படம் எடுக்கப் போய், அங்கே மேகம் மூடியிருந்ததால் பால்டிக் கரைக்குத் திரும்பிப் பீனமுண்டேயைப் படம் பிடித்து வந்திருந்தார். அந்தப் படம் மேஜைக்கு வந்தது. மேடையின் மேல், புறப்படத் தயாராக, சிலுவை வடிவில் ஒரு சிறு குறி இருந்தது. இறக்கை சுமார் 20 அடி!

மேடையும் தெரிந்தது, அதன் மேல் ஏறுவதும் தெரிந்தது. பிரான்சில் எழும்பிய கட்டடங்கள் எதற்காக என்ற கேள்விக்கு அன்றிரவு விடை கிடைத்துவிட்டது. அந்த டிசம்பரிலிருந்து அவற்றின் மீது இடைவிடாமல் குண்டுகள் விழுந்தன. ஜெர்மானியர் அவற்றைக் கைவிட்டு வேறு எளிய மேடைகளைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஆளில்லா விமானம், அதாவது 'வி-1' என்னும் பறக்கும் குண்டு, லண்டன் மீது முதன் முதலாக விழுந்தது 1944 ஜூன் 13-ந் தேதி. நேச நாட்டுச் சேனைகள் பிரான்சுக் கரையில் இறங்கி அதற்குள் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. பறக்கும் குண்டுகளால் இங்கிலாந்தில் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் அந்தக் குண்டுமழை பல மாதம் முன்னதாகவே, கடற்கரையில் சேனைகள் கூடியிருந்த சமயத்தில், தொண்ணூறு மேடைகளிலிருந்தும் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஹைன்கல் 113-ஐயும் பீனமுண்டே 20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் பெயர் இருந்தது, பொருள் இல்லை. பின்னதில் பொருள் இருந்தது, பெயர் இல்லை. பெயரை முதலில் பெற்றுக்கொண்டவர்கள் வானத்தில் இல்லாததையும் கண்டார்கள். மண் வாரும் யந்திரம் என்று பெயர் வைத்துவிட்டவர்கள் கண்ணெதிரே இருந்ததையும் காணவில்லை. அளந்து பார்த்து, அளவுக்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல மறுத்தவரே உண்மையைக் கண்டார்.

ஆகவே, வீட்டில் பத்திரிகையைப் பிரிக்கும் குழந்தைகளுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான். படத்தின் கீழே அச்சிட்டிருப்பதைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் படத்தைப் பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? பக்கத்தில் நிற்கும் மனிதனைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்ல முடியுமா? என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை? அதன் பிறகு கீழே உள்ளதைப் படியுங்கள். வாய்ச் சொல்லை நம்பிப் படத்தைப் பார்க்கும் பழக்கம் யுத்தத்தோடு ஒழிந்துவிடவில்லை.

கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் தமது அனுபவங்களை 1957-ல் புத்தகமாக எழுதினார். 2000-ம் வருஷம் காலமானார். அக்காலத்தில் மெட்மன்ஹாமில் சேர்ந்த படங்களில் பெருந்தொகை இன்று ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பாதுகாக்கப்படுகிறது. ஐரோப்பாவில் புது வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் அத்தகைய படங்களை வரவழைத்துப் பார்க்கிறார்கள். விழுந்தும் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளின் சிறு துவாரங்கள் அவற்றில் தெரிகின்றன. நாசத்துக்காக எடுத்த அந்தப் படங்களை யாரோ ஒருவர் இன்றும் பூதக்கண்ணாடி வைத்துப் பொறுமையாகப் பார்ப்பதால், தோண்டுகிற தொழிலாளி மாலையில் வீடு திரும்புகிறான்.